புது ஆசிரியர் அறிமுகப் பேட்டி: "ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?"ன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதிலைச் சொல்றாங்க

நாலாம்பக்கம் எழுதியது:

வணக்கம். மாணவர் இதழ் ஒன்றுக்காகக் கேட்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஆசிரியரைப் பற்றி இதழுக்கு ஒரு பக்கம், 400 சொல். பேட்டி எடுப்பவர்கள் 14, 15 வயது மாணவர்கள். முந்தைய படிப்பு, முந்தைய வேலை, இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்த காரணம் மூன்றும் வந்தாக வேண்டும்.

வருகிற பிரதிகளில் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. "சிறு வயது முதலே ஆசிரியராக வேண்டும் என்பது கனவு." "குழந்தைகள் என்றால் உயிர்." "எனக்குக் கற்பித்த ஆசிரியர்தான் முன்மாதிரி." இந்த மூன்று வாக்கியங்களைத் தாண்டி எதுவும் நகரவில்லை. கோளாறு கேள்வியிலா, எழுதுவதிலா?

மெய்ப்பு எழுதியது:

கேள்வியில்தான். புதிதாகச் சேர்ந்தவர் சில வாரங்களுக்கு முன்புதான் வேலைக்கான நேர்காணலில் இதே "ஏன்" கேள்விக்குப் பதில் சொல்லித் தேர்வாகியிருப்பார். அந்தப் பதில் பழக்கப்பட்டு நாக்கின் நுனியில் நிற்கும். மாணவர் கேட்டதும் அதுவே விழுகிறது. அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நடந்ததையெல்லாம் வடிகட்டி, சபைக்கு ஏற்ற மாதிரி சுருக்கிச் சொல்கிறார்.

தொழில் முடிவு என்பது ஏதோ ஒரு நாளில் நடந்த காரியம். விண்ணப்பம் போட்டார், வேலையை விட்டார், பணம் கட்டினார். அந்த நாளைச் சுற்றிக் கேளுங்கள், காரணம் தானாக வரும். நான் சிபாரிசு செய்யும் வரிசை:

"ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது கையில் வேறு என்ன வாய்ப்பு இருந்தது?"

"அதை விட்டுவிடுவது என்று எந்த மாதம் முடிவெடுத்தீர்கள்? அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?"

"வேண்டாம் என்று சொன்னவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? அதில் எது சரியாக இருந்தது?"

"வாழ்க்கையில் முதன்முதலாக யாருக்கு, எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள்? அவர் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்?"

கடைசிக் கேள்வியை எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். சொல்லிக்கொடுப்பதில் உண்மையாகவே நாட்டமுள்ளவருக்கு, எதிரில் இருந்தவர் எந்தப் படியில் தடுமாறினார் என்பது பல வருடம் கழித்தும் நினைவிருக்கும். தம்பிக்கு வகுத்தல் சொல்லித் தந்தபோது, ஈவில் பூஜ்யம் வர வேண்டிய இடத்தை அவன் தாண்டித் தாண்டிப் போனான் என்பார். அந்த ஒரு வரி, "குழந்தைகள் என்றால் உயிர்" என்பதைவிட நூறு மடங்கு சொல்லும். "எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பேன், நன்றாகப் புரிந்தது என்பார்கள்" என்று பொதுவாக முடித்தால், அந்த இடத்தில் துணைக்கேள்வி தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

மெய்ப்பு ஐயா சொன்ன வரிசை நல்லா இருக்கு. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி சொல்றதுக்கு இன்னொரு காரணம், நிஜமாவே எல்லாருக்கும் அதுதான் காரணம்! பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளோட அமைப்பான ஓஈசிடி, பல நாட்டு ஆசிரியர்கள்கிட்ட நடத்துற டாலிஸ் கணக்கெடுப்புல (2018) ஆசிரியர்கள்ல பத்துக்கு ஒன்பது பேர், குழந்தைகளோட வளர்ச்சிக்கும் சமூகத்துக்கும் பங்களிக்கிறதை முக்கியமான உந்துதலா சொல்லியிருக்காங்க. அது செய்தியே இல்ல. பத்துல ஒன்பது பேர் சொல்றதைத் தலைப்புல போட்டா யார் படிப்பாங்க? அதே கணக்கெடுப்புல இன்னொன்னு: ஆசிரியர் வேலைதான் முதல் தேர்வுன்னு சொன்னவங்க ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான். மீதி ஒரு பங்கு வேற எதையோ நினைச்சுட்டு இங்க வந்தவங்க. பேட்டிக்கு அங்கதான் தீனி இருக்கு.

காரணங்களை வகை பிரிச்சு வச்சுக்கிட்டா துணைக்கேள்வி போடறது சுலபம். டான் லார்ட்டிங்கிற சமூகவியலாளர் அமெரிக்காவுல 94 ஆசிரியர்களை நேர்ல பேட்டி எடுத்தார். 1975ல வெளியான அவரோட ஆய்வுல இந்த வேலை ஆட்களை இழுக்கறது அஞ்சு வழியிலன்னு சொன்னார். மனுஷங்களோட பழகற வேலை. சேவைங்கிற மதிப்பு. பள்ளிக்கூடத்தை விட்டுப் போக மனசில்லாம அங்கேயே தொடர்றது. சம்பளம், பாதுகாப்பு, அந்தஸ்து. அஞ்சாவது, நேரம்: சாயங்காலம், விடுமுறை, வீட்டோட ஒத்துப்போற அட்டவணை.

மாணவர் கையில இந்த அஞ்சும் ஒரு சீட்டுல இருக்கட்டும். ஆசிரியர் முதல்ல சொல்றது எந்த வகைன்னு டிக் பண்ணிட்டு, டிக் விழாத வகையில ஒரு கேள்வி கேட்கணும். "பள்ளிக்கூடத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் எது? பாடம் நடக்கற நேரமா, அதுக்கு வெளியவா?" இது மூணாவது வகைக்கான கேள்வி. மேடை, விளையாட்டு, நூலகம், சோதனைக்கூடம்னு பதில் வரும். அந்த ஆசிரியர் எதை நடத்தப் போறார்னு மாணவர்களுக்கும் தெரிஞ்சுடும்.

பின்வரிசை எழுதியது:

நாலாவதும் அஞ்சாவதும் சொன்னா போடுவீங்களா? "லீவு நிறைய, வேலை நிரந்தரம், அதான் வந்தேன்"னு ஒருத்தர் சொல்லிட்டா இதழ்ல வருமா? வராது. அப்புறம் எதுக்கு அஞ்சு வகைச் சீட்டு?

சாக்பீஸ் எழுதியது:

நியாயமான கேள்வி. லார்ட்டியே இதைச் சொல்றார்: இது அர்ப்பணிப்பு வேலைன்னு ஊரே எதிர்பார்க்கிறதால, பொருள் லாபத்தை ஆசிரியர்கள் குறைச்சுத்தான் சொல்லுவாங்கன்னு. 2007ல ஹெலன் வாட், பால் ரிச்சர்ட்சன் ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுல ஆசிரியர் பயிற்சியில சேர்ந்தவங்களுக்காக ஒரு அளவுகோல் உண்டாக்கினாங்க. ஒவ்வொரு காரணத்துக்கும் 1 முதல் 7 வரை எண் போடணும். வேலைப் பாதுகாப்பு, குடும்பத்துக்கு நேரம் கிடைக்கறது, "வேற வழியில்லாம வந்தேன்" எல்லாமே அதுல தனித்தனிக் காரணங்கள். சேவை மனசும் வேலைப் பாதுகாப்பும் ஒரே ஆள்கிட்ட ஒண்ணா இருக்கும். ஒண்ணு சொன்னா இன்னொண்ணு பொய்னு ஆகாது.

அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க: "இந்த வேலையோட வசதிகள்ல எது உங்க முடிவுக்கு உதவிச்சு?" இப்படிக் கேட்டா சொல்றவருக்குக் கூச்சம் இருக்காது. சின்னக் குழந்தை இருக்கு, இரவுப் பணி முடியலன்னு ஒருத்தர் சொன்னா அதுல என்ன தப்பு?

மெய்ப்பு எழுதியது:

போடலாம், ஆனால் மூன்று நிபந்தனை. ஒன்று, அது தனியாக நிற்கக் கூடாது, வகுப்பறையில் அவர் செய்யும் ஏதாவது ஒன்றோடு சேர்ந்து வர வேண்டும். இரண்டு, தலைப்பிலோ படக்குறிப்பிலோ வரக் கூடாது. மூன்று, அச்சுக்கு முன் அந்த வரியை அவரிடம் படித்துக் காட்டியே ஆக வேண்டும். பேச்சில் சிரித்துக்கொண்டே சொன்னது எழுத்தில் சிரிப்பில்லாமல் நிற்கும். ஒரு வருடம் முழுக்க வகுப்பில் அதைச் சொல்லிச் சீண்டுவார்கள். அந்தத் தொல்லையைப் படப்போவது எழுதிய மாணவர் அல்ல.

நாலாம்பக்கம் எழுதியது:

"மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, அதனால் உயிரியல், அதனால் ஆசிரியர்" என்று ஒருவர் சொன்னார். மாணவர் அதை அப்படியே எழுதி, வெட்கப்பட்டு, அடித்துவிட்டு, "சிறு வயதுக் கனவு" என்று மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார். இதை எப்படிக் கையாள்வது?

மெய்ப்பு எழுதியது:

சொல்லாததை எழுதிவிட்டார். மற்றக் குறைகளையெல்லாம் திருத்திக்கொள்ளலாம், இதை அனுமதிக்கவே முடியாது. அந்த மாணவரிடம் இதை மட்டும் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

மற்றபடி, இரண்டாம் தேர்வாக வந்ததில் குறை ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது அடுத்த கேள்வி: "வந்தது அப்படி. இருந்துவிட்டது எதனால்?" வந்த காரணம் வேறு, தங்கிய காரணம் வேறு. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு பாடமோ, ஒரு வகுப்போ, ஒரு மாணவரோ இருக்கும். அதைத் தேதியோடு வாங்கினால் கட்டுரை அங்கிருந்தே தொடங்கும். பதில் "இன்னும் தெரியவில்லை" என்றால், சேர்ந்து ஒரு மாதமே ஆனவருக்கு அதுவும் நேர்மையான பதில்தான். அதைப் போடுவதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும்.

ரெண்டாம்_இன்னிங்ஸ் எழுதியது:

வேறு துறையில் இருந்து வந்தவர்களுக்குத் தனிக் கேள்வித்தாள் வேண்டும். அவர்களைப் பற்றிய அறிமுகங்கள் கெடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: பழைய வேலை பாதிப் பக்கத்தைத் தின்றுவிடும். பொறியாளராக இருந்தார், பெரிய நிறுவனம், பல நாடுகள், கை நிறையச் சம்பளம், அத்தனையையும் துறந்து வந்தார். இந்தத் துறவிக் கதையை மாணவருக்கும் பிடிக்கும், ஆசிரியருக்கும் பிடிக்கும். ஆனால் "உங்களுக்காக எவ்வளவு இழந்தேன் தெரியுமா" என்று வகுப்புக்கே கடன் எழுதிவைக்கிற தொனி அதில் வந்துவிடும். துறந்த சம்பளம், பழைய பதவிப் பெயர்கள் இரண்டையும் வெட்டிவிடலாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. "பழைய வேலையில் உங்களுக்குக் கைகொடுத்த எந்தப் பழக்கம் வகுப்பறையில் வேலைக்கு ஆகவில்லை?" பாடத்தை ஆழமாக அறிந்தவர் தொடக்கநிலையாளரிடம் தடுமாறுவது தெரிந்த விஷயம். தனக்குத் தானாக வருகிற படிகளை அவர் வாய்விட்டுச் சொல்ல மறந்துவிடுவார். 2003ல் மிட்செல் நாதன், ஆன்தனி பெட்ரோசினோ செய்த ஆய்வு இதைக் காட்டியது. கணிதம் அதிகம் படித்திருந்த பயிற்சி ஆசிரியர்கள், தொடக்க இயற்கணிதத்தில் மாணவர்களுக்குச் சமன்பாடு எளிது, சொற்கணக்கு கடினம் என்று கணித்தார்கள். மாணவர்களோ சொற்கணக்கைத்தான் அதிகம் சரியாகச் செய்பவர்கள்.

பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 1/2 + 1/3 என்றதும் மாணவர் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்கிறார். பொறியாளர் உடனே "மீச்சிறு பொது மடங்கு எடு, 6, அப்புறம் 3/6, 2/6, விடை 5/6" என்று செய்து காட்டிவிடுவார். மாணவர் தலையாட்டுவார். அடுத்த வாரம் மறுபடியும் 2/5 வரும். ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவே இல்லை: "2/5 அரையைவிடப் பெரியதா, சிறியதா? அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் அரையைவிடக் குறையுமா?" தவறு எங்கே இருக்கிறது என்று மாணவரே பார்த்த பிறகுதான் பொதுப் பகுதி எதற்கு என்பது புரியும். லீ ஷுல்மன் 1986ல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார்: பாடத்தைக் கற்பிப்பதற்கான பாட அறிவு. பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடத்தில் கற்பவர் எங்கே எப்படித் தவறுவார் என்று தெரிவது வேறொன்று. துறை மாறி வந்தவர் முதல் வருடத்தில் படிப்பது இந்த இரண்டாவதைத்தான். பேட்டியில் அதைக் கேளுங்கள்.

பின்வரிசை எழுதியது:

அப்ப பழைய வேலையால ஒரு பிரயோஜனமும் இல்லையா?

ரெண்டாம்_இன்னிங்ஸ் எழுதியது:

உண்டு. செயலாக மாற்றிச் சொன்னால் மட்டும். "செவிலியராக இருந்ததால் பொறுமை கற்றேன்" என்பது வெறும் பெயர்ச்சொல், எவரும் சொல்லலாம். பணி மாறும்போது அடுத்தவருக்கு நோயாளியின் நிலையை நாலு வரியில் எழுதிவைப்பது செவிலியர் பழக்கம். அதே பழக்கத்தில், விடுப்பில் போகும்போது மாற்று ஆசிரியருக்கு எந்த மாணவர் எந்தக் கணக்கில் நிற்கிறார் என்று நாலு வரி எழுதிவைக்கிறார் என்றால் அது செய்தி. மென்பொருள்காரர் என்றால், தவறான விடையைப் பார்த்ததும் அடித்துவிடாமல் எந்தப் படியில் பிசகியது என்று பின்னோக்கிப் போவார். கணக்கராக இருந்தவர் வீட்டுப்பாடப் பதிவேட்டை ஒழுங்காக வைப்பார். சோதனை எளிது: "இந்தப் பழக்கத்தை நாங்கள் எந்தப் பாடவேளையில் பார்க்கலாம்?" என்று மாணவர் கேட்க வேண்டும். பதில் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

ஜன்னலோரம் எழுதியது:

படிப்பு முடிச்ச கையோட சேர்ந்த 22, 23 வயசுக்காரங்களைப் பத்தியும் பேசுங்க. "முந்தைய அனுபவம்"ங்கிற இடத்துல அவங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு மாணவர்கள் ரெண்டு வரியில முடிச்சுடறாங்க.

சாக்பீஸ் எழுதியது:

அவங்ககிட்டதான் நிறைய இருக்கு. பயிற்சிக் காலத்துல எடுத்த பாடங்களைக் கேளுங்க. "பாடத்திட்டத்துல எழுதினதும் வகுப்புல நடந்ததும் ரொம்ப விலகிப்போன ஒரு பாடம் எது?" 40 நிமிஷத்துக்குத் திட்டம் போட்டது 22 நிமிஷத்துல தீர்ந்துபோகும். காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்: கேள்வியை எழுதியிருப்பாங்க, மாணவர் யோசிக்கிற நேரத்தை எழுதியிருக்க மாட்டாங்க. கேட்டுட்டு ஒரு விநாடியில பதிலையும் அவங்களே சொல்லிடுவாங்க. தலைகீழாவும் நடக்கும். குழுவேலைக்கு 10 நிமிஷம் ஒதுக்கி, மேசை நகர்த்தி உட்காரவே 6 நிமிஷம் போயிருக்கும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. புது ஆசிரியர் முதல் மாசத்துல எதைப் பத்திப் பேசுவார்னு தெரிஞ்சு போங்க. பிரான்சஸ் ஃபுல்லர் 1969ல ஆரம்பிச்சு வச்ச ஆய்வு வரிசை சொல்றது: ஆரம்பத்துல கவலையெல்லாம் தன்னைப் பத்தி. வகுப்பு கட்டுக்குள்ள இருக்கா, என்னை ஏத்துக்கிட்டாங்களா, தலைமை ஆசிரியர் என்ன நினைக்கறார். அப்புறம் கவலை வேலையைப் பத்தி மாறும், பாடம் முடியுமா, விடைத்தாள் திருத்த நேரம் இருக்கான்னு. "மாணவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது"ங்கிறது கடைசியா வர்ற கவலை. சைமன் வீன்மன் 1984ல 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்ப, புது ஆசிரியர்கள் சொன்ன சிக்கல்கள்ல வகுப்பு ஒழுங்குதான் முதலிடம். அடுத்து மாணவர்களைப் பாடத்துல ஈடுபட வைக்கறது.

அதனால சேர்ந்த மூணாவது வாரத்துல போய் "இங்க எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, வகுப்பைக் கட்டுப்படுத்தறதைப் பத்திய பயம்தான் வரும். கேக்கறது அதே வகுப்பு மாணவர். ஒளிவுமறைவு இல்லாத ஆசிரியர் "எட்டாம் வகுப்பு ரொம்ப சத்தம்"னு சொல்லிடுவார், மாணவர் எழுதிடுவார், அடுத்த நாள் எட்டாம் வகுப்பு கூடுதலா சத்தம் போடும். எந்த வகுப்பு, எந்த மாணவர்னு அடையாளம் தெரியற எதுவும் வரக் கூடாதுங்கறதை விதியாவே வைங்க.

நாலாம்பக்கம் எழுதியது:

அப்படியானால் பேட்டியை எப்போது வைப்பது? சேர்ந்த முதல் வாரமே இதழில் போட்டுவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். கேள்விகளை முன்கூட்டியே கொடுக்கலாமா?

மெய்ப்பு எழுதியது:

முதல் வாரம் வேண்டாம். அப்போது பாடமே நடந்திருக்காது, சொல்வதற்குக் கனவு மட்டும்தான் இருக்கும். நாலாவது வாரத்துக்குப் பிறகு, தேர்வு வாரம் இல்லாத நாளில் வையுங்கள். முதல் இதழில் பெயர், பாடம், வகுப்பு என்று மூன்று வரி அறிவிப்பு போதும்.

கேள்விகளை முழுதாகக் கொடுத்தால் எழுதிவைத்துப் படிப்பார்கள். எதுவுமே சொல்லாமல் போனால் வருடங்களும் பட்டப் பெயர்களும் தடுமாறும். இரண்டு நாள் முன்னதாக ஒரு சீட்டு: படித்த படிப்புகள், வருடங்கள், நிறுவனப் பெயர்கள், முந்தைய வேலைகள். இவற்றை அவர் கையாலேயே எழுதித் தரட்டும். எழுத்துப்பிழை தகராறு அங்கேயே தீர்ந்தது. முடிவைப் பற்றிய கேள்விகள் மட்டும் நேரில்.

400 சொல்லுக்கு 25 முதல் 30 நிமிடம் பேசினால் போதும். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தால் மாணவர் எதை எடுப்பது என்று தெரியாமல் முதல் ஐந்து நிமிடத்தையே எழுதுவார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அந்த மூன்று பழைய வாக்கியங்களும் இருக்கும். இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் கேட்கட்டும், மற்றவர் குறிப்பெடுக்கட்டும். கேட்பவரே குறிப்பும் எடுத்தால் தலை குனிந்தே இருப்பார், துணைக்கேள்வி பிறக்காது. ஆசிரியர் அறையில் உட்கார வேண்டாம். பக்கத்து மேசையில் காது இருக்கும்போது யாரும் "வேறு வேலை கிடைக்கவில்லை" என்று சொல்லமாட்டார்கள்.

ஜன்னலோரம் எழுதியது:

ஒலிப்பதிவு விஷயத்துல அடிக்கடி சொதப்பறது இதெல்லாம். போனை விமானப் பயன்முறையில போடணும், இல்லன்னா நடுவுல அழைப்பு வந்து பதிவு நின்னுடும். மேசை மேல வெறுமனே வைக்காம ஒரு நோட்டுப் புத்தகத்து மேல வைக்கணும், தட்டற சத்தமும் அதிர்வும் குறையும். மின்விசிறிக்கு நேர் கீழ உட்காரக் கூடாது. ஒரு நிமிஷம் பேசிப் பதிவு பண்ணி, கேட்டுப் பார்த்துட்டு ஆரம்பிக்கணும். குறிப்பெடுக்கறவர் நல்ல பதில் வந்தப்பெல்லாம் ஓடிட்டிருக்கற நிமிஷத்தை மட்டும் ஓரத்துல எழுதினா போதும் (12, 19, 23), அப்புறம் முழுசும் கேட்டுத் தேட வேண்டாம். பதிவு பண்றதுக்கு முன்னாடி அனுமதி கேட்கறதும், அவர் சரின்னு சொல்றது பதிவுல இருக்கறதும் முக்கியம். இதழ் வந்ததும் அழிச்சிடணும். யாரோட போன்ல யாரோட குரல் சுத்துதுன்னு அப்புறம் பஞ்சாயத்து வரக் கூடாது.

சாக்பீஸ் எழுதியது:

இன்னொண்ணு, மௌனம். மேரி பட் ரோ 1974ல வெளியிட்ட ஆய்வுல, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு விநாடிதான் காத்திருக்காங்கன்னு கண்டுபிடிச்சார். அதை மூணு விநாடி ஆக்கினதும் பதில்கள் பல மடங்கு நீளமாச்சு, பதிலே இல்லாம போறது குறைஞ்சது. பேட்டிக்கும் இதையே பழக்கலாம். ஆசிரியர் பதிலை முடிச்சதும் மாணவர் மனசுக்குள்ள மூணு எண்ணணும். பெரும்பாலும் அந்த இடைவெளியில ஆசிரியரே "இன்னும் சொல்லப்போனா..."ன்னு ஆரம்பிப்பார். மூணு விநாடிங்கறது 14 வயசுக்கு யுகமா தெரியும். முன்னாடியே ரெண்டு ரெண்டு பேரா உட்கார வச்சு ஒத்திகை பார்த்தா வரும்.

"எனக்குக் கற்பித்த ஆசிரியர்தான் முன்மாதிரி" பதிலுக்கும் வழி இருக்கு. லார்ட்டி கணக்குல ஒரு மாணவர் பள்ளி முடிக்கறதுக்குள்ள ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பக்கத்துல இருந்து பார்க்கறார். ஆனா பார்க்கறது முன்பக்கம் மட்டும். பாடம் தயாரிக்கறது, எதை விடறதுன்னு முடிவு பண்றது, விடைத்தாள் திருத்தும்போது யோசிக்கறது எதுவும் பெஞ்சுல இருந்து தெரியாது. அதனால ரெண்டு துணைக்கேள்வி. "அந்த ஆசிரியர் செஞ்ச எந்த ஒரு காரியத்தை நீங்க அப்படியே செய்யறீங்க?" அடுத்தது, "அவர் வேலையில அப்ப உங்களுக்குத் தெரியாம இருந்து, இப்ப தெரியவந்தது என்ன?" ரெண்டாவதுக்கு வர்ற பதில் ஒருநாளும் இன்னொருத்தர் பதில் மாதிரி இருக்காது.

பின்வரிசை எழுதியது:

சரி, இவ்வளவும் வாங்கிட்டு வந்தாச்சு. எழுதறப்ப மறுபடி "புன்முறுவலுடன் எங்களை வரவேற்றார்"னுதானே ஆரம்பிப்பாங்க?

மெய்ப்பு எழுதியது:

ஆரம்பிப்பார்கள். முதல் வரைவில் இருக்கட்டும், பிறகு முதல் பத்தியை மொத்தமாக வெட்டுங்கள். நல்ல தொடக்கம் பெரும்பாலும் இரண்டாம் பத்தியில் ஒளிந்திருக்கும்.

பிறந்த ஊரில் தொடங்கி வருட வரிசையில் போக வேண்டாம். அப்படிப் போனால் ஆசிரியர் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் 400 சொல்லும் தீர்ந்துவிடும். முடிவெடுத்த இடத்தில் தொடங்கி, பின்னால் போய் படிப்பும் வேலையும், பிறகு வகுப்பறைக்கு வாருங்கள். உத்தேசக் கணக்கு: முடிவுக்கு 130 சொல், முந்தைய பின்னணிக்கு 100, இப்போது எடுக்கும் பாடம், வகுப்பில் செய்வது இவற்றுக்கு 130, மற்றவைக்கு 40. பொழுதுபோக்கு, பிடித்த நிறம், பிடித்த உணவு எல்லாம் அந்த 40க்குள் அடங்கட்டும். அடங்காவிட்டால் நிறத்தை விடுங்கள்.

மேற்கோள்களைப் பேச்சுத் தமிழிலேயே விடுங்கள், விவரிப்பு எழுத்துத் தமிழில். "அப்பதான் புரிஞ்சுது, அவனுக்குக் கணக்கு வரலங்கறது இல்ல, கேள்வியே புரியல" என்று ஒருவர் சொன்னதை, "அப்பொழுதுதான் அம்மாணவனுக்கு வினாவே விளங்கவில்லை என்பதை உணர்ந்தேன்" என்று மாற்றினால் ஆள் மாறிவிடுகிறார். "ம்", "வந்து", "அதாவது" போன்றவற்றை மட்டும் நீக்கலாம். இரண்டு வெவ்வேறு நிமிடத்தில் சொன்னதை ஒரே மேற்கோளாக ஒட்டக் கூடாது.

அடைமொழிகளை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். "அர்ப்பணிப்பு மிக்க", "அன்பான", "துடிப்பான" போன பிறகும் அந்த ஆசிரியர் கண்முன் தெரிகிறார் என்றால் கட்டுரை பிழைத்தது. இன்னொரு சோதனை, பெயரை எடுத்துவிட்டு வேறொரு ஆசிரியர் பெயரை வைத்துப் படிப்பது. எந்த வாக்கியம் அவருக்கும் பொருந்துகிறதோ அது தேவையற்றது. நாலாம்பக்கம் முதல் பதிவில் புகாராகச் சொன்னதை அப்படியே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

ரெண்டாம்_இன்னிங்ஸ் எழுதியது:

விட வேண்டியவற்றையும் சொல்லிவிடுங்கள். வீட்டு முகவரி, கைபேசி எண், திருமண நிலை, குழந்தைகளின் பெயர், வண்டி எண், சமூக வலைத்தளக் கணக்கு எதுவும் வேண்டாம். அவரே சொன்னாலும் வேண்டாம். முந்தைய நிறுவனத்தின் பெயரைப் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள், ஏன் விட்டார் என்பதில் இன்னொருவர் மேல் புகார் வந்தால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். இடையில் சில வருடம் வேலை இல்லாத இடைவெளி இருந்தால் "2 வருடம் கழித்து" என்று ஒரு சொற்றொடரில் கடந்துவிடலாம், காரணம் தோண்ட வேண்டியதில்லை. நோய், பிரிவு, இழப்பு பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால், சொன்ன அன்று சரி என்றிருப்பார், மூன்று நாள் கழித்து வேண்டாம் என்பார். படித்துக் காட்டுவதை அதே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று நாள் விட்டுச் செய்வது இதற்காகத்தான்.

நாலாம்பக்கம் எழுதியது:

படித்துக் காட்டும்போது ஆசிரியரே உட்கார்ந்து மொத்தத்தையும் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டால்? மாணவர் எப்படி மறுப்பார்?

மெய்ப்பு எழுதியது:

பிரதியைக் கையில் கொடுக்காதீர்கள். மாணவர் வாசிக்க, ஆசிரியர் கேட்கட்டும். தகவல் பிழை, பெயர், வருடம், தன் மேற்கோளின் பொருள் இவற்றை அவர் திருத்தலாம். தனிப்பட்ட விவரம் எதையும் நீக்கச் சொல்லலாம், காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள். நடை, வரிசை, தலைப்பு ஆகியவை இதழுடையவை. இதைப் பேட்டிக்கு முன்பே, இதழ்ப் பொறுப்பாளர் வாயால் சொல்லிவிட வேண்டும். மாணவர் சொன்னால் எடுபடாது.

ஜன்னலோரம் எழுதியது:

படம் எடுக்கறப்ப கரும்பலகையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. தேர்வு மதிப்பெண் பட்டியலோ மாணவர் பேரோ இருந்தா படம் முழுக்க வீண். கழுத்துல அடையாள அட்டை தொங்கினா எண் தெரியும், திருப்பிவிடச் சொல்லுங்க. பின்னாடி மாணவர் முகம் விழுந்தா அவங்க வீட்டு அனுமதியும் வேணும். பாடம் நடத்தற மாதிரி நிக்கச் சொல்லி எடுக்கற படத்தைவிட, யாரோ ஒரு மாணவர் நோட்டைக் குனிஞ்சு பார்க்கறப்ப அந்த மாணவரோட தோளுக்குப் பின்னாடி இருந்து எடுத்தா மாணவர் முகம் விழாது, ஆசிரியர் முகம் மட்டும் தெரியும்.

நாலாம்பக்கம் எழுதியது:

ஒரே இதழில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் 12 வருடம் வேறு துறையில் இருந்தவர், மற்றவர் இப்போதுதான் படித்து முடித்தவர். பக்கத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதா?

மெய்ப்பு எழுதியது:

தனித்தனி இதழில் போட முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் சொல் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும், இல்லையென்றால் ஆசிரியர் அறையில் அளந்து பார்ப்பார்கள். அகரவரிசையில் யார் முதல் என்று வைத்துவிடுங்கள். முதல் கேள்வி இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம், மற்றவை வேறாக இருக்கட்டும். 12 வருடக்காரரிடம் பின்னக் கூட்டல் மாதிரி ஒரு தடுமாற்றத்தையும், புதியவரிடம் 22 நிமிடத்தில் தீர்ந்த பாடத்தையும் கேளுங்கள். இரண்டு பேட்டியையும் ஒரே மாணவர் குழு எடுக்க வேண்டாம், முதல் பேட்டியில் கேட்ட பதிலை இரண்டாவதிலும் தேடிக்கொண்டிருப்பார்கள்.